கொள்ளைநோய் என்று ஞானம்மா சொன்னாள்

பிழைத்துக்கொண்டேன். அதை முதலில் சொல்லிவிட்டால் நீங்களும் நிம்மதியாகப் படிப்பீர்கள், நானும் துள்ளிக்கொண்டு எழுதுவேன். உடம்புக்குத் தண்ணீர் திரும்பி வந்தவனின் துள்ளல் இது. வற்றிக் கிடந்த ஏரியில் புதுவெள்ளம் நுழைந்ததும் எங்கிருந்தோ மீன்குஞ்சுகள் வந்து குதிக்குமே, அதுபோல என் விரல் நுனிவரைக்கும் ஏதோ குதித்துக்கொண்டிருக்கிறது. உப்புக்கஞ்சி ருசிக்கிறது. வெயில் ருசிக்கிறது. கூரைமேல் காக்கை கத்தினால், கத்து கத்து, இன்னும் கொஞ்சம் கத்து என்று இருக்கிறது.

பாலக்கோட்டில் மைக் செட் வைத்திருக்கிறேன். பெயர் அருளப்பன். கல்யாண வீடு, மாரியம்மன் பண்டிகை, மாதா தேர், டூரிங் கொட்டகையில் புதுப்படம், சந்தைக்கு நாள் மாற்றம், எதுவானாலும் மாட்டுவண்டியில் இரண்டு குழாய்களைக் கட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போய்ச் சொல்கிற குரல் என்னுடையது. மிஞ்சின நோட்டீசுகளின் பின்பக்கத்தில் எனக்காகவும் சில வரிகள் எழுதுவேன். பாட்டு என்றும் சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. நாற்பது தாண்டியும் ஓரிடத்தில் நிற்காத கால்கள் எனக்கு. சாப்பாட்டை வைத்துவிட்டுத் திரும்பினால் தெருவில் இருப்பேன். அதற்காக என் மனைவி ஞானம்மா என்னைத் திட்டாத நாளில்லை. அவள் திட்டுகிற திட்டு ஒன்றே ஒன்றுதான்.

"கொள்ளையில போவ. சோத்த வெச்சிட்டு எங்கய்யா ஓடற?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயில் அது திட்டும் இல்லை, சாபமும் இல்லை. பால் கறக்கும்போது மாட்டைச் சொல்வார்கள், கறி திருடின பூனையைச் சொல்வார்கள், பெற்ற பிள்ளையைக் கொஞ்சும்போதும் சொல்வார்கள். கொள்ளையில் போவது என்றால் கொள்ளைநோயில் போவது. ஓர் ஆளுக்கு வந்தால் அது சீக்கு. ஒரு வீட்டுக்கு வந்தால் கெட்ட நேரம். தெருவைப் பிடித்து, ஊரைப் பிடித்து, அடுத்த ஊருக்கும் நடந்து, பெரியவர் சின்னவர் பார்க்காமல் அள்ளிக்கொண்டு போனால் அதற்குப் பேர் கொள்ளைநோய். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பஞ்சம், படை, கொள்ளைநோய் மூன்றிலிருந்தும் எங்களைக் காப்பாற்றும் என்று முழங்காலில் நின்று வேண்டிக்கொள்வோம். வேண்டிவிட்டு வெளியே வந்து செருப்பைக் காணவில்லையென்றால், எடுத்தவன் கொள்ளையில போவ என்போம். சொல் அவ்வளவு சாதாரணம்.

ஆனால் உண்மையிலேயே அது வந்துவிட்டால் அந்தச் சொல் ஊரைவிட்டுப் போய்விடும். யாரும் சொல்ல மாட்டார்கள். திட்டில் வராது, பேச்சில் வராது. அது எங்கள் பக்கத்துக் கட்டு. நோய் ஒரு பெண்ணாகத் தெருவில் நடந்துகொண்டிருப்பாள், அவள் காதில் தன் பேர் விழுந்தால், கூப்பிட்டவர்கள் வீட்டுக்குள் நுழைவாள் என்று நம்பிக்கை. நாங்கள் சிலுவை போடுகிற குடும்பம்தான், ஆனாலும் இந்தக் கட்டில் கோயில் வித்தியாசம் கிடையாது. வேப்பிலை கட்டின வீட்டிலும் செபஸ்தியார் படம் மாட்டின வீட்டிலும் அந்த நாட்களில் வாய் ஒரே மாதிரி மூடியிருக்கும்.

எங்கள் தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த ஒரு கோடை அது. மழை ஏமாற்றிவிட்டது. கிணறுகள் தரை தட்டி, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி ஆளும் மாடும் ஒரே குழியில் குடித்தோம். ஆற்றோரத் தெரு ஒன்றில் வாந்தியும் பேதியுமாகத் தொடங்கியது. பிறகு அடுத்த தெரு, அடுத்த ஊர். சுகாதார ஆய்வாளர் வந்து என்னைப் பிடித்தார். காய்ச்சின தண்ணீர் குடிக்கச் சொல்லு, ஊசி போட வருகிறார்கள் ஓடி ஒளியாதே என்று சொல்லு, வயிற்றுப்போக்கு என்று சொன்னால் போதும், சேலத்திலிருந்து பரிசோதனை முடிவு வருகிறவரைக்கும் பெரிய பேர் எதுவும் வேண்டாம் என்றார். எனக்கென்ன, அந்தப் பெரிய பேரை நான் எப்படியும் சொல்லியிருக்க மாட்டேன். வண்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பாப்பாரப்பட்டி பக்கம், கன்னடம் பேசுகிற எல்லையோர ஊர்கள், கரும்பு காய்ந்து நிற்கும் காட்டுவழி எல்லாம் என் குரல் போனது. சொல்லி முடித்த இடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வரும். வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது மரியாதை. வாங்கிக் குடிக்காமல் நகர்ந்தால் அந்த வீட்டை மதிக்கவில்லை என்று ஆகும். இது காய்ச்சினதா என்று கேட்பது அதைவிட மோசம். காய்ச்சிக் குடியுங்கள், காய்ச்சிக் குடியுங்கள் என்று கத்திக் கத்திக் காய்ந்த தொண்டையில் ஊருக்கு ஒரு சொம்பு பச்சைத்தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தேன். மணல் ஊற்றின் தண்ணீர், தேனாக இருந்தது. அதற்குள் இருந்தவள் தேன்போலவே இறங்கினாள்.

காலையில் எழுந்தபோது வயிறு வலிக்கவில்லை. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், வலிக்கவே இல்லை. முறுக்கவில்லை, குத்தவில்லை. யாரோ அடைப்பைப் பிடுங்கிவிட்டதுபோல உடம்பிலிருந்து தண்ணீர் போனது. முதலில் கலங்கலாக, பிறகு அரிசி களைந்த தண்ணீர்போல வெள்ளையாக. கொமட்டாமலேயே வாந்தி. வெயில் ஏறுவதற்குள் கெண்டைக்கால் சதை கல்லாகச் சுருட்டிக்கொண்டது. அதுதான் வலித்தது. கண்ணாடியில் பார்த்தேன், என் கண்கள் இரண்டும் பின்னுக்கு நடந்துபோய்க் குழிக்குள் உட்கார்ந்திருந்தன.

அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. ஞானம்மா பக்கத்தில் வந்து குனிந்து, "என்னாங்க, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்று கேட்டாள் பாருங்கள், அப்போதுதான் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை வாங்க போங்க என்றது விருந்தாளிகள் முன்னால் மட்டும்தான். வீட்டில் அன்று விருந்தாளி யாரும் இல்லை. அவளுக்கு மட்டும் யாரோ உள்ளே வந்திருப்பது தெரிந்திருந்தது.

பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்று தெரியும். உரமூட்டை இறக்கிவிட்டு வெறுமனே தருமபுரிக்குத் திரும்பிய லாரியை நிறுத்தினாள். என்ன ஆச்சு என்று டிரைவர் கேட்டதற்கு, சூடு பிடிச்சிக்கிச்சிங்க என்றாள். சாக்கைப் போட்டு என்னைப் படுக்கவைத்தாள். வழியெல்லாம் தண்ணீர், தண்ணீர் என்று நான் கையை வாய்க்குக் காட்டினேன். அவள் முந்தானையை நனைத்து உதட்டில் ஒற்றினாள், ஒரு வாய் தரவில்லை. பேதிக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அவள் கண்ணில் தண்ணீர் ஓடியது, மடியில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது, நான் காய்ந்துகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சீட்டுக் கொடுப்பவர் நிமிராமல் கேட்டார், என்ன பண்ணுது என்று. ஞானம்மா சொன்னாள், மேலுக்கு முடியலீங்க. அவர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்து நீள வரிசையைக் காட்டினார். காய்ச்சல், இருமல், கால்புண், கண்வலி எல்லோருக்குமான வரிசை. அவர்மேல் தப்பில்லை. சொன்னதற்கேற்ற வரிசை.

ஒரு பெஞ்சில் என்னைச் சாய்த்தாள். மயக்கம் வரும், போகும். தெளிகிற நேரத்தில் அந்தக் கூடத்தைப் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கூடம்தான் வருகிறது. என் எதிரில் எல்லையோர ஊரைச் சேர்ந்த சித்தே கவுடர் என்கிற பெரியவர், மகளின் தோளில் தலை தொங்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரோ விசாரித்ததற்கு, கெழங்கு சாப்ட்டது ஒத்துக்கலீங்க என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப்பக்கம் அதியமான்கோட்டையிலிருந்து வந்த ஓர் இளம் கணவனும் மனைவியும். வெயில்ல களை வெட்டினாரு, சூடு என்றாள் மனைவி. இன்னொரு அம்மாவுக்குக் கண்ணேறு. இன்னொருவருக்கு வாயு. சொன்னதெல்லாம் வேறுவேறு. ஆனால் முகங்கள் ஒன்று. அதே குழிந்த கண், அதே வெளுத்த உதடு, வெகுநேரம் தண்ணீரில் ஊறினதுபோலச் சுருங்கின அதே விரல்கள். ஒரே நோயைத் துண்டு துண்டாகப் பிய்த்து, ஆளுக்கொரு துண்டை மடியில் முடிந்து மறைத்து வைத்துக்கொண்டு, கால்புண்ணுக்கும் கண்வலிக்கும் பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எல்லா முடிச்சையும் அவிழ்த்து ஓரிடத்தில் கொட்டினால்தான் அதற்கு அந்தப் பேர் வரும். அந்தப் பேர் வந்தால்தான் கதவு திறக்கும். வாழ்நாளெல்லாம் திட்டாகக் கேட்ட சொல்லின் அர்த்தம் எனக்கு அந்தப் பெஞ்சில்தான் விளங்கியது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். குரல் இல்லை.

மூன்று தெரு தாண்டிக் கேட்கிற என் குரல், மைக் இல்லாமலே சந்தையை அடக்குகிற குரல், வெறும் காற்றாக வந்தது. தொண்டையில் ஈரம் போனால் குரலும் போய்விடும் என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். நான் ஞானம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். சொல்லு. அவளுக்குப் புரிந்தது. தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. மறுபடி இழுத்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள். அவள் கை நெருப்பாகச் சுட்டது, அவளுக்குக் காய்ச்சல் என்று நினைத்துப் பதறினேன். என் முகம்தான் அவ்வளவு குளிர்ந்திருந்தது.

கெண்டைக்கால் மறுபடி சுருட்டியது. பெஞ்சிலிருந்து உருண்டு தரையில் விழுந்தேன். விழுந்தவனைத் தூக்காமல் ஞானம்மா எழுந்து நின்றாள். கூடத்தின் நடுவில் போய் நின்றாள். அவள் செய்வது என்னவென்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அவள் கணக்கில், சொன்னால் நான் செத்தாலும் சாவேன், சொல்லாவிட்டால் நிச்சயம் சாவேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஐயா, இது கொள்ளைநோவுங்க. எங்கூர்ல வந்திடுச்சி. இந்தாளுக்கும் வந்திடுச்சி. நான் வாய்விட்டுச் சொல்லிட்டேன், வர்றது எனக்கு வரட்டும். ஆளப் பாருங்க."

எதிரே ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டாள். யாரோ முணுமுணுத்தார்கள், இவளுக்கு அறிவிருக்குதா என்று. பிறகு கவுடரின் மகள், மெதுவாக, தரையைப் பார்த்தபடி, "எங்கப்பாருக்கும் அதுதானுங்க" என்றாள். கண்ணேறு என்று சொன்னவர்கள் எழுந்தார்கள். வாயு என்று சொன்னவர்கள் எழுந்தார்கள். எங்களுக்கும், எங்களுக்கும் என்று மடி மடியாக அவிழ்ந்தது. அதியமான்கோட்டைப் பெண் மட்டும் கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, சூடுதாங்க, இவருக்குச் சூடுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

உள்ளிருந்து டாக்டரம்மா ஓடிவந்தார். தெற்குப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. குனிந்து என் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பிடித்து விட்டார். கிள்ளின தோல் கூடாரம் அடித்ததுபோல அப்படியே நின்றது, இறங்கவில்லை. நாடியைத் தேடினார், மணிக்கட்டில் கிடைக்கவில்லை. "இதை வாசல்லயே ஏம்மா சொல்லல?" என்றார். "சொல்லக் கூடாதுங்க டாக்டரம்மா" என்றாள் ஞானம்மா. அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "சொன்னதுதான் நல்லது. இன்னும் கொஞ்சம் ஆயிருந்தா நான் பாத்தும் பிரயோசனமில்ல" என்று சொல்லிவிட்டு, தூக்குங்கள் தூக்குங்கள் என்று கத்திக்கொண்டே நடந்தார்.

பின்னால் தனியாக இருந்த கொட்டகைதான் தொற்றுநோய் வார்டு. வாசலில் வெள்ளைப் பொடி கரைத்த தொட்டி, அதன் நெடி கண்ணை எரிக்கும். கட்டில்களைப் பார்த்தால் சிரிப்பு வரும், அப்போது வரவில்லை. நடுவில் வட்டமாக ஓட்டை, அதற்குக் கீழே வாளி. படுத்த இடத்திலேயே எல்லாம். வாளியில் எவ்வளவு போகிறதோ அவ்வளவுக்குமேல் பாட்டிலில் ஏற்ற வேண்டும், வைத்தியம் அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. இந்த நோய் ஆளைக் கொல்வதில்லையாம், ஆளிலிருக்கிற தண்ணீரையும் உப்பையும் கொண்டுபோகிறது, அதனால் ஆள் போகிறான். கையில் நரம்பு தெரியவில்லை, வற்றிவிட்டது. கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் கீறி, நரம்பைத் தேடி எடுத்து, உப்புத் தண்ணீர் பாட்டிலின் குழாயைச் சொருகினார்கள்.

அந்தத் தண்ணீர் உள்ளே வந்ததை எப்படிச் சொல்வேன். அது மருந்து மாதிரி வரவில்லை, மழை மாதிரி வந்தது. காலில் தொடங்கிக் குளிர்ச்சி ஏறியது, தொடை, வயிறு, நெஞ்சு, ஒவ்வொரு காடாக நனைந்தது. ஒரு பாட்டில் தீர்வதற்குள் கூரை ஓட்டின் நிறம் தெரிந்தது. அடுத்ததில் நர்ஸின் முகம் தெரிந்தது. அதற்கடுத்ததில் மணிக்கட்டில் நாடி, கதவைத் தட்டுகிற கைபோல டொக் டொக் என்று. சாகப்போகிறவன் பிழைக்க இத்தனை சுலபமான வழியா என்று எனக்கு எழுந்து ஓடிப்போய் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. குரல்தான் இல்லை.

டாக்டரம்மா ஞானம்மாவிடம், காய்ச்சி ஆறின தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடு, கஞ்சித்தண்ணி கொடு, வாந்தி எடுத்தாலும் கொடு, எடுத்துவிட்டுக் குடிக்கட்டும் என்றார். தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டே வழியெல்லாம் தராமல் வந்தவள் அவள். அன்று தொடங்கிக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். வாங்க, இன்னும் ஒரு வாய் குடிங்க, மெதுவாங்க, என்று ஒரே மரியாதை. அந்த மரியாதை என்னைக் கொன்றது. என் முகத்தைப் பார்க்காமல் ஊட்டினாள். தான் சொன்ன சொல் என் கட்டிலுக்கு அடியில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது, தலையைத் தூக்கினால் கண்டுகொள்ளும் என்பதுபோல.

அதியமான்கோட்டைக்காரரையும் அதே கொட்டகைக்குத்தான் கொண்டுவந்தார்கள், ஆனால் எல்லோருக்கும் பின்னால். இரண்டு காலிலும் கீறிப் பார்த்தார்கள். பாட்டில் தொங்கியது, சொட்டு நின்றுவிட்டது. அந்தப் பெண் கடைசிவரைக்கும் சூடு என்றுதான் சொன்னாள். போர்வையை மடித்துக்கொண்டு அவள் எங்கள் கட்டிலைத் தாண்டிப் போனபோது ஞானம்மாவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறேன், அதற்குமேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

எனக்கும் முடிந்துவிடவில்லை. நாடி வந்தது, சூடு வந்தது, பேதி நின்றது. ஆனால் சிறுநீர் வரவில்லை. மாத்திரை கொடுத்தும் பாட்டில் ஏற்றிக்கொண்டேயிருந்தும் ஒரு சொட்டு வரவில்லை. உடம்பு காய்ந்து கிடந்தபோது சிறுநீரகம் வேலையை நிறுத்திவிடும், தண்ணீர் வந்த பிறகும் அது விழித்துக்கொள்ளாவிட்டால் உடம்பின் அழுக்கு வெளியே போகாமல் ஆளை முடித்துவிடும் என்று டாக்டரம்மா ஞானம்மாவைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னார். எனக்குக் கேட்டது. அவ்வளவு ஏற்றியும் போகாமலிருந்தால் பாட்டிலைக் குறைக்க வேண்டியிருக்கும், அப்புறம் கடவுள்தான் என்றார். அவர் நகர்ந்த பிறகு ஞானம்மா சுவரோரம் போய் நின்று செபஸ்தியாரிடம் பேசினாள். உப்பும் மிளகும் காணிக்கை வைக்கிறேன் என்றாள். சொன்னது நான், எங்கிட்ட வா, என்றும் சொன்னாள். அது செபஸ்தியாரிடம் சொன்னது இல்லை.

அடுத்த கட்டில் சித்தே கவுடருக்கு. என்னைவிட வயசானவர், ஆனால் முதல் பாட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்து புகையிலை கேட்டவர். பாதி தமிழும் பாதி கன்னடமுமாகப் பேசுவார். என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏனப்பா மைக் செட்டு, எங்கூர்ல வந்து அத்தினி கத்து கத்தின. எங்க வூட்ல ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சியே, நெனப்பிருக்குதா?"

இருக்கிறது என்று தலையாட்டினேன்.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே ஊத்துப் பங்காளிங்க. மாத்தாடு, ஏதாச்சும் பேசு. வாயும் இல்ல, ஒண்ணுக்கும் இல்ல, ரெண்டு பக்கமும் கதவச் சாத்திக்கினு படுத்திருந்தா எப்படி?"

வார்டு சிரித்தது. இந்தப் பெரியவரால்தான் என் சிறுநீர் ஊர்ப் பிரச்சினை ஆனது. காலையில் நர்ஸ் வந்ததும் என்னைக் கேட்பதற்கு முன்னால் எல்லாக் கட்டிலும் திரும்பிப் பார்க்கும். கஞ்சி கொண்டுவரும் ஆயா, வாளி எடுக்கிறவர், தொட்டியில் மருந்து ஊற்றுகிறவர், எல்லோருக்கும் ஒரே கேள்வி. வந்துச்சா? இல்லை. ஒருவர் குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்கவைத்தார். ஒருவர் அடிவயிற்றில் ஈரத்துணி போடச் சொன்னார். கவுடர், தன் ஊரில் எருதுக்கு மூத்திரம் வரவைக்க அடிக்கிற சீட்டியை அடித்துக் காட்டினார். வெட்கம் என்ற ஒன்று எனக்கு இருந்தது, அதுவும் அந்த வாளியோடு போய்விட்டது.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வருகிற நேரங்களில் நான் உதட்டை அசைத்துக் கேட்பேன், இது காலராவா என்று. காலரா என்று நான் காகிதத்தில் எழுத சேலத்துப் பரிசோதனை முடிவு வரணும், அதுவரைக்கும் கடும் வயிற்றுப்போக்கு என்றுதான் எழுதுவேன், ஆனால் மருந்து முதல் நாளிலிருந்தே காலராவுக்குத்தான் கொடுக்கிறேன் என்று சிரித்தார். அவரவர் ஊருக்கு அவரவர் கட்டு. கவுடர் ஊர்ப்பக்கம் அதற்குப் பேரே கிடையாதாம். ஊர்ல காத்து சரியில்ல என்பார்களாம். காற்றைப் பற்றித்தானே பேசுகிறோம் என்று யாரும் அசைய மாட்டார்கள், பாதி ஊர் போய்விடும் என்றார் கவுடர், சிரிக்காமல். பிறகு ஞானம்மாவைக் காட்டி, "இந்தம்மா வாயத் தொறக்கலன்னா நானு இன்னிக்கு மண்ணு" என்றார். ஞானம்மா கேட்காததுபோலத் துணியை மடித்தாள்.

ஒரு மத்தியானம், வெயில் கொட்டகைக்குள் பட்டையாக விழுந்திருந்த நேரம். கையில் ஊசி சொருகியிருந்தது. இப்போது கையிலேயே நரம்பு கிடைத்துவிட்டது. அடிவயிற்றில் ஏதோ கனத்தது. மறந்துபோன ஆள் தெருமுனையில் நின்று கூப்பிடுவதுபோல, மெல்ல, பிறகு உரக்க. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் என் கால்கள் பழைய கால்கள் ஆகிவிட்டன. யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிடக் குரலும் இல்லை. ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டுக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் இருந்த வேலியோரம் போய் நின்றேன்.

வந்தது. எரிந்துகொண்டு, கொஞ்சமாக, தேத்தண்ணி நிறத்தில். நின்றது. மறுபடி வந்தது. வேலியோரத்து ஆவாரம்செடி நனைந்தது. என் கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. உடம்பில் எல்லா ஊற்றும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. மேலே பார்த்தேன், வெயிலில் ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது, அதற்குக்கூடச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

உள்ளே ஞானம்மா கஞ்சியோடு திரும்பியிருக்கிறாள். கட்டில் காலி. ஊசி தரையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. விரிப்பில் நாலு சொட்டு ரத்தம். பிணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாளாம். கஞ்சிக் குண்டான் கையிலிருந்து விழுந்த சத்தம் எனக்கு வேலியோரம் கேட்டது. கவுடர் பின்கதவைக் காட்டியிருக்கிறார். அவள் வந்தாள், கிட்டத்தட்ட ஓடி. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நனைந்த செடியை அவளுக்குக் காட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றேன். அவள் செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தாள்.

"கொள்ளையில போவ. ஊசியப் புடுங்கிட்டு எங்கய்யா ஓடி வந்த?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின கைக்கு மேலே கண்கள் மட்டும் விரிந்து நின்றன. கொட்டகை ஜன்னலில் தலைகள் நின்றன. நர்ஸ் நின்றாள். வாளிக்காரர் வாளியோடு நின்றார்.

எனக்குள்ளிருந்து, எங்கேயோ ஆழத்தில் துருப்பிடித்துக் கிடந்த கிணற்று ராட்டினம் முதல்முறை உருள்வதுபோல, கரகரவென்று ஒன்று ஏறி வந்தது. என் குரல். அது வந்து சொன்ன முதல் வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை.

"போவலடி."

ஜன்னலில் கவுடர் சீட்டியடித்தார்.